பத்துக்கு எத்தனை

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

ராமநாதபுரம் போய்த் திரும்பியாயிற்று. வண்டி பாம்பன் பாலத்தில் ஏறியதும் எண்ணத் தொடங்கினேன். பாலத்தில் இரும்பு இணைப்பு வரும் இடத்திலெல்லாம் சக்கரம் ஒரு தடவை குதிக்கும். ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம், யாரும் கவனிப்பதில்லை. நானும் இந்த ஐம்பத்து நாலு வயது வரை கவனித்ததில்லை. இன்று ஒவ்வொரு குதிப்பும் இடுப்பெலும்பின் உள்ளே போய் இறங்கியது. பதினேழுக்கு மேல் எண்ண முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். வேகத்தைக் குறைக்கவில்லை.

டாக்டர் எலும்புப் படத்தைக் காட்டினார். விலா, முதுகு, இடுப்பு, வலது தொடை, எல்லா இடத்திலும் கறுப்பு. புராஸ்டேட்டில் ஆரம்பித்த புற்றுநோய் எலும்புக்குக் குடியேறிவிட்டது. இதைக் கண்டுபிடித்தவர் இவர். இதற்கு முன் ஒரு வருஷம் "டிஸ்க் தேய்மானம்" என்று சொல்லி இடுப்பில் பெல்ட் கட்ட வைத்தவர் வேறொருவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறக்கப் போவதும் இல்லை.

இனி மார்ஃபின் மாத்திரை. நர்ஸ் வீட்டுக்கு வந்து விவரம் சொல்வாராம்.

20 ஆகஸ்ட், புதன்

நர்ஸ் வந்தாள். செவ்வந்தி, முதுகுளத்தூர்ப் பக்கம். ஸ்கூட்டியில் வந்ததில் தலையெல்லாம் மணல்.

"சார், வலி பத்துக்கு எத்தனை?"

யோசித்தேன்.

"என்ன சார், பேப்பர் திருத்துற மாதிரி யோசிக்கிறீங்க? போடுங்க. யாரும் மறுகூட்டலுக்கு வர மாட்டாங்க."

எட்டு என்றேன். நான் சிரிக்கவில்லை. மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஆரம்பித்தாள். நான் நிறுத்தினேன். இருபத்தாறு வருஷம் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்தியவன். எனக்கு மருந்துப் பாடம் எடுக்க ஸ்கூட்டியில் ஆள் வர வேண்டுமா? தாளைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"அக்காட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன் சார். கொடுக்கப்போறது அவங்கதான."

"நான் சொல்லிக்கிறேன்" என்றேன். கதவருகே நின்ற என் மனைவி லத்தீபாவை டீ போட அனுப்பினேன்.

நர்ஸ் போன பிறகு லத்தீபாவிடம் சொன்னேன்: "ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. கடைசித் தடவைக்கு மட்டும் ரெண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது." தலையாட்டினாள். தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

மூன்று மணி நேரம் வலி இல்லை. உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். பாறை மீன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

முதல் நாளின் அதிசயம் அதோடு சரி. விடியும் முன்பே வலி எழுப்பிவிடுகிறது. காலை மாத்திரைக்குப் பிறகு கொஞ்சம் அடங்குகிறது. பத்து மணிக்கு மறுபடி ஆரம்பம். பதினொன்று, பன்னிரண்டு – அந்த இரண்டு மணி நேரத்தை என்னவென்று எழுதுவது? பல்வலி தெரியும் அல்லவா? ஒரு பல்லின் வலியை இடுப்பெலும்பு அளவுக்குப் பெரிதாக்கி, அதன் மேல் ஒருவன் உட்கார்ந்து எழுந்தால் எப்படி இருக்கும். அப்படி.

சாயங்காலம் வேறு கதை. தலை கனத்து, கண் செருகி, பேச்சே வருவதில்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

வருவது ஷாகிர்தான். என் கூடப்பிறந்த மூத்தவன். மஃரிபு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து நேரே வருகிறான். குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து லத்தீபாவிடம் கொடுக்கிறான், நாற்காலியில் உட்காருகிறான், போகிறான். எனக்கும் அவனுக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சில்லை; காக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். உம்மா மவுத்தான அன்று நான் பயிற்சி வகுப்புக்காகச் சென்னையில் இருந்தேன். பஸ் மானாமதுரையைத் தாண்டும்போது போன் வந்தது: "அசருக்கு அடக்கியாச்சு." இன்னும் இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான் நான் கேட்டது. மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது என்றார்களாம். மகனைக் காக்க வைக்கலாமா? உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவன் நான் ஒருவன்தான். முடிவெடுத்தவன் அவன்.

இப்போது நோய் வந்ததும் பாசம் வந்துவிட்டது. ராமநாதபுரம் போய் என் மாத்திரையை வாங்கி வருவதும் அவன்தான். லத்தீபாவின் ஏற்பாடு. என்னிடம் கேட்கவில்லை.

30 ஆகஸ்ட், சனி

பதினொரு மணிக்குத் தலையணை உறையைக் கடித்துக் கிழித்துவிட்டேன்.

1 செப்டம்பர், திங்கள்

முந்தாநாளே செவ்வந்திக்கு லத்தீபா போன் செய்தாள். டாக்டரைக் கேட்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஷாகிர் போய் வாங்கி வந்தான்.

காலை வலி அரைப் புள்ளி குறைந்தது. ஏழரை எனலாம். சாயங்காலம்? நேற்று இஷாத் தொழுகைக்குப் பிறகு லத்தீபா என் கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பினாளாம், நான் கண்ணே திறக்கவில்லையாம். காலையில் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு எதுவும் தெரியாது.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். மீலாது நபியும் இன்றே. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காலையிலிருந்து ஓதுகிறார்கள். என் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தலைமையாசிரியர் நாற்காலி எனக்கு வர வேண்டியது, நிர்வாகியின் மருமகனுக்குப் போனது. அவன் இரண்டுமே ஆக்சிஜனேற்றமான எரிதலையும் துருப்பிடித்தலையும் வேறு வேறு வினை என்று சொல்லிக் கொடுத்தவன்.

சுஹா துபாயிலிருந்து பேசினாள். ஏழாம் மாதம், விமானம் ஏறக் கூடாது. "வலி எப்படி இருக்கு வாப்பா?" "பரவாயில்ல." பகல் பன்னிரண்டு மணிக்கு மகளிடம் சொல்லக்கூடிய பொய் அது ஒன்றுதான். போனைக் கைமாற்றிவிட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

8 செப்டம்பர், திங்கள்

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். சோதனைச்சாலையில் யோசிப்பது போல.

ஒரே மாத்திரை. ஒரே உடம்பு. பகலில் வேலை செய்வதில்லை, சாயங்காலம் ஆளையே அடித்துப் போடுகிறது. ஏன்? சாயங்காலம் மட்டும் என்ன மாறுகிறது? ஷாகிர் வருகிறான். அவன் தண்ணீர் வருகிறது.

நேற்று அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் ஜன்னல் வழியே கொட்டினேன். அப்படியும் மயங்கிப் போனேன். ஆக, தண்ணீர் இல்லை. மாத்திரை. மாத்திரையை வாங்குகிறவன் யார்? போன மாதம் அவன் லத்தீபாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "இது போதை மருந்துல்லம்மா? கடைசில கலிமா சொல்ல நாக்கு வரணுமே." பாதியை எடுத்துவிட்டு வேறு எதையோ போட்டுவைக்கிறானா? பகலுக்குச் சுண்ணாம்பு உருண்டை, அவன் வரும் நேரத்துக்கு மட்டும் நிஜமானது – தான் உட்கார்ந்திருக்கும்போது நான் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று?

இதை எழுதுவதற்குள் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன். வலியால் அல்ல. இல்லை, வலியாலும்தான்.

11 செப்டம்பர், வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளை நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

செவ்வந்தி பதினொரு மணிக்கு வந்தாள். ஷாகிர் அடுத்த இரண்டு வாரத்து மாத்திரையோடு அதே நேரத்துக்கு வந்து சேர்ந்தான். எனக்கு வலி உச்சத்தில். "பத்துக்கு எத்தனை சார்?" என்றாள். நான் ஷாகிரை நோக்கி விரலை நீட்டினேன்.

"அத இவன்கிட்ட கேளு. என் மாத்திரையத் திருடுறவன் இவன். நல்லதை எடுத்துட்டுப் போலியை வைக்கிறான். உம்மாவப் பாக்க விடாம அடக்குனவன், இப்ப என்னை அடக்க வந்திருக்கான்."

லத்தீபா, "மச்சான், வாய மூடுங்க!" என்று கத்தினாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை.

ஷாகிர் மாத்திரைப் பொட்டலத்தைக் கட்டிலின் மேல் வைத்தான். "எண்ணிக்க" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். வெயிலில் அவன் நடந்து போவது ஜன்னலில் தெரிந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான். எப்போதிலிருந்து?

செவ்வந்தி பழைய அட்டைகளை எண்ணினாள். ஒன்று கூடக் குறையவில்லை. எல்லாம் ஒரே மருந்து, ஒரே கம்பெனி, போலி எதுவும் இல்லை. அப்புறம் லத்தீபா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எத்தன மணிக்கெல்லாம் கொடுக்குறீங்க?"

"மணியெல்லாம் எதுக்கும்மா? ஒவ்வொரு பாங்குக்கும் ஒண்ணு. சுபுஹு, லுஹரு, அசரு, மஃரிபு. இஷாவுக்கு மட்டும் ரெண்டு. ஒண்ணக்கூடத் தவறவிட்டதில்ல."

செவ்வந்தி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரம் அவளுக்குத் தெரியாது. லத்தீபாவைக் கேட்டுக் கேட்டுக் குறித்தாள். அஞ்சு மணி. பன்னிரண்டரை. மூணரை. ஆறேகால். ஏழரை.

"காலைல ஏழரை மணி நேரம் சும்மா கெடக்காரு. சாயங்காலம் நாலு மணி நேரத்துல நாலு மாத்திரை போகுது. அக்கா... நல்லவேளை அக்கா, மூச்சு நிக்காம இருந்தாரே. காலைல ஆறு, பத்து, மதியம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, படுக்கும்போது பத்துக்கு ரெண்டு. நாலு நாலு மணி நேரம். தாள்ல எழுதியிருக்கேனே. தாள் எங்க?"

தலையணைக்கு அடியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மடிப்புக் கலையவே இல்லை.

12 செப்டம்பர், வெள்ளி

அரை ஆயுட்காலம். இருபத்தாறு வருஷம் கரும்பலகையில் வரைந்தேன். மேலிருந்து கீழே சரியும் கோடு. ஒரு பொருள் பாதியாகக் குறைய ஆகும் நேரம். பையன்களுக்குப் புரியவில்லை என்றால் ஸ்கேலால் அடித்தேன்.

13 செப்டம்பர், சனி

ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து. வலி நாலு.

14 செப்டம்பர், ஞாயிறு

வலி மூன்று. சாயங்காலம் விழித்திருந்தேன். கச்சான் காற்றில் கருவாட்டு வாடை வந்தது. அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

லத்தீபா போனில் ஐந்து அலாரம் வைத்திருக்கிறாள். அடித்ததும் வருகிறாள், மாத்திரை, தண்ணீர், செவ்வந்தி தந்த புதுத் தாளில் கட்டத்துக்குள் நேரத்தை எழுதுகிறாள், போகிறாள். மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவப்பட எனக்கு எங்க நேரம்? நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ போனு அடிக்கிது."

திரும்பிப் போனவள் வாசல் வரை போய் வந்தாள்.

"இந்த வீட்டுல எல்லாமே பாங்குக்குத்தானே நடக்கு. ஒலை வைக்கிறது, வெளக்குப் போடுறது, ஒங்களுக்குச் சோறு போடுறது. அஞ்சு தடவைன்னு சொன்னிய. எனக்குத் தெரிஞ்ச அஞ்சு அதுதான். இருபத்திரண்டு நாளு, ஒங்க கத்தலக் கேட்டுக்கிட்டு, கையில மாத்திரைய வச்சுக்கிட்டு, லுஹருப் பாங்கு எப்ப வரும் எப்ப வரும்னு பள்ளிவாசப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னேன். முந்திக் கொடுத்தா உசுருக்கு ஆபத்தாயிருமோன்னு. கையில இருந்துச்சு மச்சான். கையிலயே இருந்துச்சு. கூடவும் கூடாது, குறையவும் கூடாதுன்னிய. எப்பன்னு ஒரு வார்த்த சொன்னியளா? சொல்ல வந்தவளையும் சொல்ல விட்டியளா?"

அவள் நிற்கவில்லை.

17 செப்டம்பர், புதன்

ஷாகிர் வரவில்லை. ஆறு நாள். மஃரிபு முடிந்து நாற்காலி காலியாக இருக்கிறது. எனக்கு அது நிம்மதியாக இருக்க வேண்டும்.

19 செப்டம்பர், வெள்ளி

மன்னிப்பு என்ற சொல்லை நான் கடைசியாக யாரிடம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூட விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

லத்தீபாவிடம் சொல்லி அனுப்பினேன். வந்தான். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கூப்பிட்டியாமே."

"உக்காரு."

"நிக்கிறேன். திருடன உள்ள விடலாமான்னு மொதல்ல சொல்லு."

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மாத்திரையில ஒரு தப்பும் இல்ல. தப்பு என் மேல. நர்ஸு சொன்னத நான் கேக்கல. லத்தீபாவையும் கேக்க விடல. உன்ன... அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"லத்தீபா அன்னைக்கே வந்து சொல்லிட்டா. நீ சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு கேட்டான்: "அப்ப உம்மா விஷயம்?"

"அது உன் தப்பு. அது வேற, இது வேற."

சிரித்துவிட்டான். பல் இரண்டு விழுந்திருக்கிறது. "ஏலே, சாகப்போற நேரத்துலயும் வாத்தியாரு புத்தி போகுதா பாரு. ஒரு கேள்விக்கு சைபர் வாங்கிட்டு, அடுத்த கேள்விக்கு முழு மார்க்கு கேக்குறான்."

உட்கார்ந்தான். அவன் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் நின்றது. சாகப்போற நேரம். இத்தனை பேரில் அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சொன்னவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரும் "சரியாப் போயிரும்" என்கிறார்கள்.

25 செப்டம்பர், வியாழன்

இடது பாதம் மரத்திருக்கிறது. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டது போல. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பாலம், மறுபடி அந்தக் குதிப்பு.

27 செப்டம்பர், சனி

கழிப்பறைக்கு எழுந்தேன். நான் எழுந்தேன், என் கால் இரண்டும் எழவில்லை; தரையில் விழுந்தேன். லத்தீபாவும் பக்கத்து வீட்டு மாஷிதாவும் சேர்ந்து தூக்கினார்கள்.

செவ்வந்தி போனிலேயே சத்தம் போட்டாள். "எப்பருந்து சார் மரத்திருக்கு? ரெண்டு நாளா? ரெண்டு நாளா சொல்லாம இருந்தீங்களா? ஒடனே மதுரை கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, ஒடனே!"

மறுபடியும் நான்தான். இம்முறை சந்தேகப்பட யாரும் இல்லை.

4 அக்டோபர், சனி

மதுரையிலிருந்து வந்துவிட்டோம். முதுகெலும்பு ஒன்று நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முதுகு வலி குறையும் என்றார்கள். காலைப் பற்றிக் கேட்டேன். இளம் டாக்டர், நல்ல பிள்ளை. "மரத்த அன்னைக்கே வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம் சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஷாகிர் கூடவே இருந்தான். திரும்பும்போது பாலத்தில் டிரைவரிடம் அவன் போட்ட சத்தத்தில், வண்டி மாட்டுவண்டி போலத்தான் ஊர்ந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஷாகிரிடம் சொல்லவில்லை. என் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான்.

8 அக்டோபர், புதன்

படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். மாத்திரைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. லத்தீபாவுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. "கொஞ்சம் படு" என்றேன். "படுத்தா யாரு புரட்டுவா?" என்றாள். அதில் குறை இல்லை, குத்தல் இல்லை. வெறும் கேள்வி.

12 அக்டோபர், ஞாயிறு

மதியம். லத்தீபா கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் போன், திரை இருட்டாக. சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும், இரண்டு மணிக்கு அடிக்கவில்லை.

மாத்திரை டப்பா அலமாரியில். எட்டு அடி தூரம் இருக்கும். கூப்பிட்டால் பதறி எழுந்துவிடுவாள். கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் மூச்சு சீராக இருந்தது. மூடிக்கொண்டேன்.

வலி முதுகில் மெல்ல ஏறியது. மூன்று. நான்கு. ஐந்து வந்தால் கூப்பிடலாம் என்று வைத்துக்கொண்டேன். ஐந்து வந்தது. ஆறு என்று மாற்றினேன்.

வலி ஆறரை எனலாம், அப்போது ஷாகிர் காக்கா வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதட்டில் விரலை வைத்தேன். அலமாரியைக் காட்டினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார், எழுபது கிலோ உடம்பை வைத்துக்கொண்டு. அட்டையைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தார். ஒன்றா என்று விரலால் கேட்டார். ஒன்று என்று காட்டினேன். என் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

அசருப் பாங்கில்தான் அவள் விழித்தாள். "அல்லாவே, மாத்திர!"

"காக்கா கொடுத்தாச்சு."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்குத்தான்."

காக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வந்தியின் தாளில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கேட்டு வாங்கி, நெஞ்சின் மேல் வைத்து, நானே எழுதினேன்: 2.00.